ஃபிரான்சைஸ் கடை எடுக்கலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு!

ராத்திரி 11 மணி. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். பளபள விளக்கு, ஆவி பறக்கும் டீ, ரிப்பன் வெட்டும் கூட்டம். பின்னணியில் ஒரு குரல்... ``வெறும் 10 லட்சம் முதலீடு. மாசம் 1 லட்சம் வருமானம். உங்க ஊருக்கு ஒரே ஒரு கடைதான். இப்பவே புக் பண்ணுங்க!''

விரல் நின்றுவிடுகிறது. ஆபீஸில் மேனேஜர் தொல்லை, ஏறாத சம்பளம். `நமக்குன்னு ஒரு கடை இருந்தா...' என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. அப்பாவின் ரிட்டையர்மென்ட் பணம் பேங்கில் இருக்கிறது. அம்மாவின் நகை லாக்கரில் இருக்கிறது. மறுநாள் காலை அந்த நம்பருக்கு போன் செய்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பி.டி.எஃப் வந்துவிடுகிறது. `நாளைக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் 50,000 போட்டா ஏரியாவை உங்களுக்கு பிளாக் பண்ணிடுறோம் சார்.'

ஒரு நிமிஷம். சொந்தக் கடை ஆசை தப்பே இல்லை. ஃபிரான்சைஸ் எடுத்து நன்றாக நடத்துபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால், வீட்டின் மொத்த சேமிப்பும் போய் உட்காரப்போகிற ஒரு விஷயத்தை, விற்பவர் கொடுத்த பி.டி.எஃப்-ஐ மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? அந்த 50,000-ஐ அனுப்புவதற்கு முன், நீங்களே உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

நீங்கள் வாங்குவது எதை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃபிரான்சைஸ் எடுத்தால் நீங்கள் ஒரு பிசினஸை வாங்கவில்லை. ஒரு பெயரை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து ரெசிப்பி, ட்ரெய்னிங், பொருள் சப்ளை, கடை டிசைன் எல்லாம் வரும். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது பொதுவாக மூன்று.

• ஃபிரான்சைஸ் ஃபீஸ்: ஆரம்பத்தில் ஒரே தடவை கொடுப்பது. பெரும்பாலும் திரும்ப வராது.

• ராயல்டி: மாதாமாதம் விற்பனையில் இத்தனை சதவிகிதம். கவனியுங்கள், லாபத்தில் இல்லை, விற்பனையில். கடை நஷ்டத்தில் ஓடினாலும் இதைக் கட்டியாக வேண்டும்.

• விளம்பர நிதி: சில பிராண்டுகள் இதைத் தனியாக வாங்கும். சில பிராண்டுகள் ராயல்டியிலேயே சேர்த்துவிடும்.

`எங்களிடம் ராயல்டியே கிடையாது' என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் அவர்கள் காசு பார்க்கும் இடம் வேறு. மசாலா, டீத்தூள், கப், டிஷ்யூ வரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்பார்கள். லாபம் அந்த விலையில் இருக்கும். அது தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அமுல் கடைகள் வேறு மாதிரி உதாரணம். ராயல்டி வாங்குவதில்லை. எம்.ஆர்.பி-யில் கடைக்காரருக்கு ஒரு மார்ஜின். பால் பாக்கெட்டுக்கு 2.5%, மற்ற பால் பொருள்களுக்கு 10%, பேக் செய்த ஐஸ்க்ரீமுக்கு 20% என்பதுதான் அமுல் தன் இணையதளத்தில் சொல்லிவரும் கணக்கு. பார்த்தாலே புரியும்; பால் பாக்கெட் கூட்டத்தைத்தான் கொண்டுவரும், காசை ஐஸ்க்ரீம்தான் கொண்டுவரும்.

எந்த மாடலாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயர், தன் வாடகையைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுக்குமா?

யார் கடை, யார் நடத்துவது?

பேச்சுவார்த்தையில் `ஃபோஃபோ', `ஃபோகோ' என்று வார்த்தைகள் வந்து விழும். மிரள வேண்டாம்.

ஃபோஃபோ என்றால், பணமும் நீங்கள் போட்டு, கடையையும் நீங்களே நடத்துவது. லாபம், நஷ்டம் இரண்டும் உங்களுடையது. நம் ஊர் டீக்கடை, ஃபிரைடு சிக்கன், சலூன் ஃபிரான்சைஸ்களில் அதிகம் பார்ப்பது இதுதான்.

ஃபோகோ என்றால், பணம் உங்களுடையது, நடத்துவது கம்பெனி. `நீங்க வேலைக்குப் போய்க்கிட்டே இருங்க சார், மாசாமாசம் அக்கவுன்ட்ல பணம் வந்துடும்' என்று சொல்லப்படுவது இந்த மாடலில்தான். முறையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் `மாதம் இவ்வளவு கேரன்டி' என்ற வார்த்தை வந்தால், உடனே நினைவுக்கு வர வேண்டியது ஈமு கோழி. கொங்கு மண்டலத்தில் `பணம் போடுங்கள், குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மாதாமாதம் நிச்சய வருமானம்' என்று சொல்லி ஆரம்பித்த பண்ணைகள் 2012-ல் வரிசையாகக் கவிழ்ந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தக் கடையும் மாதாமாதம் ஒரே வருமானம் தராது. `நிச்சயம் தருவேன்' என்று ஒருவர் சொன்னால், அது கடை வியாபாரத்திலிருந்து வருகிறதா, அடுத்து சேரும் ஆளின் முதலீட்டிலிருந்து வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

10 லட்சம் எப்படி 15 லட்சம் ஆகிறது?

இப்போது ஒரு உதாரணக் கடை. ஒரு நடுத்தர ஊரில் ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் எந்த பிராண்டுடையதும் அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்களுக்கு வந்த எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

• ஃபிரான்சைஸ் ஃபீஸ்: 3,00,000

• அதற்கு 18% ஜி.எஸ்.டி: 54,000

• இன்டீரியர், மெஷின், போர்டு, ஃபர்னிச்சர்: 7,00,000

• கடை அட்வான்ஸ், மாதம் 25,000 வாடகைக்கு 10 மாதம்: 2,50,000

• முதல் ஸ்டாக்: 50,000

• கடை பிக்கப் ஆகும்வரை கையிருப்பு: 1,46,000

மொத்தம் 15 லட்சம். ரீலில் சொன்ன `10 லட்சம்' முதலும் மூன்றாவதும் மட்டுமே. மீதி 5 லட்சத்தைப் பற்றி யாரும் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். இதில் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பல கடைகள் மூடப்படுவது ஓடாததால் அல்ல. ஓட ஆரம்பிக்கும்வரை தாக்குப்பிடிக்க கையில் காசு இல்லாததால்.

மாதக் கடைசியில் கையில் எவ்வளவு?

15 லட்சத்தில் 7 லட்சம் சொந்தப் பணம், 8 லட்சம் லோன். 12% வட்டி, 5 வருடம் என்றால் இ.எம்.ஐ சுமார் 17,796 ரூபாய். ராயல்டி 6%, அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. ஒரு பில் சராசரி 40 ரூபாய். இனி கடை ஓட்டத்தைப் பார்ப்போம். கீழே உள்ள விற்பனை எல்லாம், கஸ்டமரிடம் வாங்கிக் கட்டும் ஜி.எஸ்.டி போக உள்ள தொகை.

தினம் 200 பில், அதாவது 8,000 ரூபாய் விற்பனை:

• மாத விற்பனை: 2,40,000

• பொருள் செலவு 45%: 1,08,000

• வாடகை: 25,000

• மூன்று பேர் சம்பளம்: 45,000

• கரன்ட், கேஸ், தண்ணீர்: 18,000

• ராயல்டியும் அதன் ஜி.எஸ்.டி-யும்: 16,992

• வீணாவது, ரிப்பேர், இதர செலவு: 8,000

• மீதி: 19,008

இ.எம்.ஐ கட்டியதும் கையில் நிற்பது 1,212 ரூபாய். ஆமாம், ஆயிரத்து இருநூற்று பன்னிரண்டு! காலை 6 மணிக்கு ஷட்டரைத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடியதற்கு.

சரி, தினம் 300 பில், அதாவது 12,000 ரூபாய் விற்றால்? மாத விற்பனை 3,60,000. ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், சம்பளம் 60,000 ஆகும். கரன்ட், கேஸ் 22,000, இதர செலவு 11,000, ராயல்டி 25,488 என்று எல்லாம் ஏறும். இ.எம்.ஐ-யும் போக கையில் 36,716 ரூபாய். பரவாயில்லையே! ஆனால் நீங்கள் விட்டுவந்த வேலையின் சம்பளம் 25,000 என்றால், அதைக் கழியுங்கள். 11,716. சொந்தப் பணம் 7 லட்சம் எஃப்.டி-யில் 7% வட்டிக்குக் கிடந்திருந்தால் மாதம் சுமார் 4,083 வந்திருக்கும். அதையும் கழித்தால் 7,633. இதுதான் நீங்கள் எடுத்த ரிஸ்க்குக்குக் கிடைக்கும் உண்மையான கூலி. லோன் முடிந்தபிறகு நிலைமை மாறும், கடை உங்களுக்கு நிம்மதி கொடுக்கும். அதுவரை தாண்ட வேண்டும்.

தினம் 150 பில்தான், 6,000 ரூபாய்தான் என்றால்? விற்பனை 1,80,000. பொருள் செலவு 81,000, கரன்ட், கேஸ் 16,000, இதர செலவு 7,000 என்று குறைத்தாலும் இ.எம்.ஐ-க்கு முன்பே 6,744 ரூபாய் நஷ்டம். இ.எம்.ஐ சேர்த்தால் மாதம் 24,540 ரூபாய் கைக்காசு போகும். அந்த மாதமும் ராயல்டி 12,744 ரூபாய் தவறாமல் கட்டியிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். ரெஸ்டாரன்ட் வகைக் கடைகள் பொதுவாக 5% ஜி.எஸ்.டி-யில் வரும், அதில் இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. அதாவது ஃபீஸுக்கும் ராயல்டிக்கும் நீங்கள் கட்டும் 18% திரும்ப வராது. அது உங்கள் செலவுதான். பி.டி.எஃப்-இல் `+ ஜி.எஸ்.டி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள்.

அந்த 35 பேர் எங்கே?

இப்போது முக்கியமான கணக்கு. 200 பில் கடையில், பெயருக்காக மட்டும் நீங்கள் கொடுப்பது எவ்வளவு? ராயல்டி மாதம் 16,992. ஃபிரான்சைஸ் ஃபீஸ் 3,54,000-ஐ 5 வருட ஒப்பந்தத்துக்கு, 60 மாதமாகப் பிரித்தால் மாதம் 5,900. இரண்டும் சேர்த்து 22,892 ரூபாய். இதுதான் பெயரின் மாத வாடகை.

ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் பொருள் செலவு போக 55 ரூபாய் நிற்கிறது. அப்படியானால் 22,892 ரூபாயை ஈட்ட, மாதம் சுமார் 41,600 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை வேண்டும். தினம் சுமார் 1,390 ரூபாய். 40 ரூபாய் பில் கணக்கில் 35 பேர்.

அதாவது, அந்த போர்டில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் உங்கள் கடைக்கு வந்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய 35 பேர் தினமும் வர வேண்டும். அப்போதுதான் பெயர் தன் வாடகையைத் தானே கட்டும். அதற்கு மேல் வருபவர்கள்தான் பிராண்டால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம்.

உங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் `ஓ, அந்தக் கடையா!' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்களா? சென்னையில் கொடிகட்டிப் பறக்கும் பெயர், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். தெரியாத பெயருக்கு ராயல்டி கட்டினால், அந்த பிராண்டை உங்கள் செலவில் நீங்கள்தான் வளர்க்கிறீர்கள்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரம்!

இந்தக் கேள்விக்கு விடை பி.டி.எஃப்-இல் இல்லை, ரோட்டில் இருக்கிறது.

• அதே பிராண்டின் வேறு ஊர்க் கடை வாசலில் போய் உட்காருங்கள். உங்கள் ஊர் சைஸ் உள்ள ஊராக இருக்கட்டும். காலை, மதியம், மாலை, ராத்திரி... உள்ளே போகிறவர்களை எண்ணாதீர்கள், பில் போடுபவர்களை எண்ணுங்கள். ஒரு ஞாயிறு, இரண்டு வார நாள்கள், முடிந்தால் ஒரு மழை நாள்.

• கடை திறந்து 2 வருடம் தாண்டிய உரிமையாளரிடம் பேசுங்கள். திறப்பு விழா வாரக் கூட்டம் எல்லோருக்கும் வரும். கேட்க வேண்டிய கேள்வி: `இரண்டாவது கடை எடுப்பீங்களாண்ணே?' பதில் வருவதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனியுங்கள்.

• மூடிய கடைகளின் பட்டியலைக் கம்பெனியிடம் கேளுங்கள். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கு 14 நாள்கள் முன்பே ஒரு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். கடந்த 3 வருடங்களில் எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் யாரும் தானாகத் தரமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். `அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார்' என்றால், அதுவே ஒரு பதில்.

• முடிந்தால் ஒரு கடையில் இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வேலை பாருங்கள். மாஸ்டர் வராத நாளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது!

`மாதம் இவ்வளவு' என்ற கணக்கை 12-ஆல் பெருக்குவதற்கு முன், வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். ஃபிரைடு சிக்கன் கடை என்றால் புரட்டாசி இருக்கிறது; அடுத்து கார்த்திகை, மார்கழியில் சபரிமலை மாலை போட்டவர்கள் எதிரே நடந்து போவார்கள். ஐஸ்க்ரீம் கடை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை. காலேஜ் வாசல் கடை என்றால் செமஸ்டர் லீவு. இந்த மாதங்களிலும் வாடகை, சம்பளம், இ.எம்.ஐ மாறாது. ஆண்டில் மூன்று மந்த மாதங்களைக் கணக்கில் சேர்த்தும் கடை நிற்குமா என்று பாருங்கள்.

ஆன்லைன் ஆர்டரும் அப்படித்தான். டெலிவரி ஆப் கமிஷன் பில்லில் நான்கில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் ஆஃபர் செலவு. ராயல்டி, கமிஷன் கழிப்பதற்கு முன்பிருந்த தொகைக்கா, கழித்த பிறகா? அக்ரிமென்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பெயர் அவர்களுடையதுதானா?

சிரிக்காதீர்கள், இது நிஜமான கேள்வி. பெயரை வாடகைக்கு விடுபவர் அதன் ஓனராக இருக்க வேண்டும் அல்லவா?

• மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். உணவகச் சேவை 43-வது வகுப்பில் வரும். நிலை `ரெஜிஸ்டர்டு' என்று இருக்கிறதா, `அப்ஜெக்டட்', `அப்போஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் பொடியாக `டி.எம்' என்று போட்டிருந்தால் பதிவு ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

• கம்பெனி எந்த வருடம் தொடங்கியது, இன்னும் செயல்பாட்டில் இருக்கிறதா என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும், ஜி.எஸ்.டி எண்ணை ஜி.எஸ்.டி தளத்திலும் சரிபார்க்கலாம்.

• கம்பெனி நேரடியாக நடத்தும் கடைகள் எத்தனை? ஒன்றுகூட இல்லாமல் ஃபிரான்சைஸ் மட்டும் விற்கிறார்கள் என்றால், அவர்களின் பிசினஸ் டீ விற்பது இல்லை, கடை விற்பது.

• பெரிய பிராண்டு பெயரில் போலி இணையதளம் நடத்தி, `ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', `என்.ஓ.சி சார்ஜ்' என்று தவணை தவணையாகப் பணம் பிடுங்கும் கும்பல்கள் உண்டு. கூகுள் தேடலில் முதலில் வரும் நம்பரை நம்பாதீர்கள். பணம் போகும் அக்கவுன்ட் தனிநபர் பெயரில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற தேசிய சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அக்ரிமென்டில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள்

அக்ரிமென்ட் 40 பக்கம் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். `ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட்தான் சார், எல்லாரும் போடுறதுதான்' என்பார்கள். ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 15 லட்சத்துக்கு அது காப்பீடு மாதிரி. தனிச் சட்டம் இல்லாததால், நாளைக்குப் பிரச்னை என்றால் இந்தக் காகிதமும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும்தான் உங்களுக்குத் துணை.

• ஏரியா: `உங்க ஊருக்கு ஒரே கடை' என்பது வாய்வார்த்தையா, எழுத்தா? எத்தனை கிலோமீட்டர்? அதே பிராண்டின் கிளவுட் கிச்சன் பக்கத்துத் தெருவில் வரலாமா?

• காலம்: ஃபிரான்சைஸ் 5 வருடம், கடை வாடகை ஒப்பந்தம் 3 வருடம் என்றால், நான்காவது வருடம் ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொன்னால் 7 லட்சம் இன்டீரியர் என்னாகும்?

• லாக்-இன்: எத்தனை மாதம் வெளியேற முடியாது? நடுவில் மூடினால் அபராதம் எவ்வளவு?

• சப்ளை விலை: பொருள் விலையை அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றலாமா? விற்பனை விலையை நீங்கள் ஏற்ற முடியுமா?

• விற்கும் உரிமை: முடியவில்லை என்றால் கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றலாமா? அதற்குக் கட்டணம் உண்டா?

• போட்டித் தடை: ஒப்பந்தம் நடக்கும்போது வேறு டீக்கடை வைக்கக் கூடாது என்பது நியாயம். முடிந்த பிறகும் வைக்கக் கூடாது என்ற தடை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பெரும்பாலும் செல்லாது. ஆனால் ரெசிப்பியையும் பெயரையும் பயன்படுத்த முடியாது.

• வழக்கு நடக்கும் ஊர்: `தகராறு வந்தால் டெல்லியில்தான்' என்று இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிக்கெட் போட வேண்டும்.

• முன்தேதி செக்: ராயல்டிக்காகக் கையெழுத்துப் போட்ட செக்குகளைக் கேட்பார்கள். பணம் இல்லாமல் திரும்பினால் அது செக் மோசடி வழக்காகவே மாறலாம். எத்தனை செக் கொடுத்தீர்கள் என்று எண்களோடு எழுதி வாங்குங்கள்.

`நாமதான் இத்தனை வருஷமா நல்லா நடத்துறோமே, நம்மள என்ன பண்ணிடுவாங்க?' என்று தோன்றலாம். வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸின் 50:50 பார்ட்னராக 1995-ல் சேர்ந்தவர் விக்ரம் பக்‌ஷி. 2013-ல் இரு தரப்புக்கும் தகராறு வெடித்தது. 2017 ஆகஸ்டில் மெக்டொனால்ட்ஸ், 169 கடைகளுக்கான ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்குகளுக்குப் பிறகு 2019-ல்தான் சமரசம். அவருடைய பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கொண்டது. இரண்டு தரப்பிலும் யார் சரி என்பது வேறு கதை. ஆனால் 22 வருட உறவிலும் பெயர் யாருடையது என்பது மட்டும் மாறவே இல்லை.

யார் பணம்?

லோன் என்றால் முதலில் முத்ரா கடனைக் கேளுங்கள். சிஷு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வாங்கலாம். உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் விசாரியுங்கள். ஃபிரான்சைஸ் ஃபீஸ் திட்டச் செலவில் சேருமா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நகைக்கடன், வீட்டுப் பத்திரம், அப்பாவின் ரிட்டையர்மென்ட் பணம்... இந்த மூன்றையும் தொடுவதற்கு முன் ஒருநாள் குடும்பத்தோடு உட்காருங்கள். `நல்லா ஓடினா எவ்வளவு வரும்' என்று பேசாதீர்கள், அதை ரீல் ஏற்கெனவே பேசிவிட்டது. `ஒரு வருஷத்தில் மூடினா எவ்வளவு போகும்?' என்று பேசுங்கள். நம் உதாரணக் கடையில் அட்வான்ஸ் 2.5 லட்சம் திரும்ப வரலாம், மெஷின்கள் பாதி விலைக்குக்கூடப் போகாது, ஃபீஸும் இன்டீரியரும் போனதுதான். லோன் பாக்கி நிற்கும். அந்தத் தொகை போனாலும் வீட்டில் அடுப்பு எரியும், அப்பாவின் மருந்துச் செலவு நிற்காது என்றால் மேலே பேசலாம். இல்லையென்றால் இது பிசினஸ் இல்லை, பந்தயம்.

உங்களுக்கு செட் ஆகுமா?

தினமும் கடையில் நிற்க முடியும், சொன்ன முறைப்படியே செய்வதில் சலிப்பு வராது, ஆள்களை வேலை வாங்கத் தெரியும், தொழில் புதிது என்பதால் கைப்பிடித்து நடத்த ஆள் வேண்டும் என்பவர்களுக்கு ஃபிரான்சைஸ் பொருத்தம். கொடுக்கும் ஃபீஸ் ஒரு வகையில் படிப்புச் செலவு.

`நம்ம ஊர்ல பருத்திப்பால் நல்லா போகும், மெனுவில் சேர்ப்போம்' என்று தினம் ஒரு ஐடியா வருபவரா நீங்கள்? ஃபிரான்சைஸில் அனுமதி இல்லாமல் ஒரு சுக்குக் காபிகூடச் சேர்க்க முடியாது. உங்களுக்குச் சொந்தப் பெயரில் சின்னதாக ஒரு கடைதான் சரி. ராயல்டி இல்லை, கற்றுக்கொள்ளும் தப்புகளும் உங்களுடையவை. வேலையை விடாமல் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், மேலே உள்ள கணக்கில் ஒரு மேனேஜர் சம்பளத்தைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். 300 பில் கடையில் பெரும்பாலும் மேனேஜர்தான் சம்பாதிப்பார்.

ஆக, டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அடுத்த போன் வரும்போது மூன்றே கேள்விகள். உங்கள் ஊரில் தினம் எத்தனை பில் வரும் என்று நீங்களே எண்ணிவிட்டீர்களா? அந்தப் பெயருக்காகவே வரும் 35 பேர் யார் என்று தெரியுமா? எல்லாம் போனாலும் வீடு நிற்குமா? மூன்றுக்கும் `ஆமாம்' என்றால் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள், ரிப்பன் வெட்ட அம்மாவைக் கூப்பிடுங்கள்.

ஒன்றுக்கு `தெரியல' என்று பதில் வந்தாலும், ``ஒரு மாசம் கழிச்சுச் சொல்றேன் சார்'' என்று போனை வையுங்கள். `அதுக்குள்ள ஏரியா போயிடும்' என்பார்கள். போகட்டும். கையில் காசு இருக்கும்வரை, உங்களைத் தேடி இன்னொரு ரீல் வந்துகொண்டேதான் இருக்கும்!